கணக்கு எங்கே தப்பியது? மருந்தளவுப் பிழையை அடையாளம் வைத்துப் பிடிப்பது

போட்ட கணக்கையே திரும்பத் திரும்பப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிப்பது கஷ்டம். முதல் தடவை எங்கே வழுக்கியதோ அங்கேயேதான் இரண்டாம் தடவையும் வழுக்கும். இரவு டூட்டியில் கேட்கவே வேண்டாம். அதனால் வார்டில் நர்ஸாகப் புதிதாகச் சேரும் பெண்களிடம் நான் சொல்வது இதுதான்: கணக்கைப் பார்ப்பதை விட டிரேயைப் பாருங்கள். எத்தனை ஆம்பூல் (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி) உடைக்கப் போகிறீர்கள், எந்த சிரிஞ்சு தேவைப்படுகிறது, டிரிப் எத்தனை மணிக்கு முடிகிறது. தப்பான கணக்கு பெரும்பாலும் நோயாளியின் உடம்புக்குள் போகும் முன்பே இப்படி ஏதாவது ஓர் இடத்தில் தலையைக் காட்டிவிடும்.

டோஸ் எவ்வளவு என்பதை டாக்டரின் ஆர்டரும் உங்கள் வார்டின் நடைமுறையும்தான் முடிவு செய்யும். இங்கே வரும் எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக.

சூத்திரம் ஒன்றே ஒன்றுதான். வேண்டியதை இருப்பதால் வகுத்து, அது எத்தனை மி.லி.யில் இருக்கிறதோ அதால் பெருக்குவது. ஜென்டமைசின் 60 மி.கி. வேண்டும், கையில் இருப்பது 2 மி.லி.யில் 80 மி.கி. என்றால் 60 ÷ 80 × 2 = 1.5 மி.லி. இதில் தப்பு செய்ய என்ன இருக்கிறது என்று தோன்றும். தப்பு சூத்திரத்தில் வருவதில்லை, அதற்குள் நாம் போடும் எண்களில் வருகிறது.

ஒரு டோஸுக்கு மூன்று, நான்கு ஆம்பூல் உடைக்க வேண்டியிருக்கிறது

நிறுத்துங்கள். மருந்துக் கம்பெனிகள் பெரியவர்களுக்கான வழக்கமான ஒரு டோஸை ஒட்டித்தான் ஆம்பூலை நிரப்புகின்றன. ஒரு டோஸுக்குக் கை நிறைய ஆம்பூல் வேண்டியிருந்தால் எங்கோ பத்து மடங்கு ஏறியிருக்கிறது என்றே முதலில் சந்தேகப்படுங்கள்.

இதயத்துக்குக் கொடுக்கும் டிகாக்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 2 மி.லி. ஆம்பூலில் 0.5 மி.கி. இருக்கும். 0.25 மி.கி. என்பது 1 மி.லி., அதாவது அரை ஆம்பூல். கேஸ் ஷீட்டில் (டாக்டர் ஆர்டர் எழுதும் தாள்) புள்ளி இடம் மாறி 2.5 என்று படித்துவிட்டால் 10 மி.லி., ஐந்து ஆம்பூல். ஐந்தாவது ஆம்பூலைத் தேடி அலமாரிக்குப் போகும்போதாவது கை தயங்க வேண்டும்.

பார்க்க வேண்டிய வரிசை: முதலில் கேஸ் ஷீட். பூஜ்யம் போடாமல் .5 என்று எழுதியிருந்தால் அது 5 ஆகிவிடும். தேவையில்லாத பூஜ்யம் போட்டு 5.0 என்று எழுதியிருந்தால் 50 ஆகிவிடும். இன்சுலின், ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) ஆர்டர்களில் யூனிட் என்பதைச் சுருக்கி ‘யூ’ என்ற ஆங்கில எழுத்தை எண்ணோடு ஒட்டி எழுதினால் அது இன்னொரு பூஜ்யம் போலவே இருக்கும். 10 யூனிட் 100 ஆகிவிடும். அடுத்து அலகு. மில்லிகிராமா, மைக்ரோகிராமா? இடையில் ஆயிரம் மடங்கு. அப்புறம் லேபிள். அதில் எழுதியிருப்பது ஒரு மி.லி.க்கான அளவா, முழு ஆம்பூலுக்கானதா?

கேஸ் ஷீட் எழுத்து புரியவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் “இது என்னன்னு பாருங்க அக்கா” என்று கேட்டுத் தீர்க்காதீர்கள். எழுதிய டாக்டரைக் கூப்பிடுங்கள். கோபப்பட்டால் படட்டும்.

இந்த விதிக்கு ஒரு பெரிய விலக்கு உண்டு, பிரசவ வார்டில் இருப்பவர்களுக்கு அது தெரிந்தே இருக்க வேண்டும். மெக்னீசியம் சல்ஃபேட். கர்ப்ப கால ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்த பெண்ணுக்கு பிரிச்சர்ட் முறையில் முதல் டோஸ் மொத்தம் 14 கிராம்: நரம்பில் 4 கிராம், இரண்டு இடுப்பிலும் ஐந்தைந்து கிராம். நம்மிடம் வருவது 50% கரைசல், 2 மி.லி. ஆம்பூலில் 1 கிராம். ஆகவே பதினான்கு ஆம்பூல். இங்கே குறைவாக உடைத்தால்தான் தப்பு.

இதில் புதியவர்கள் தடுமாறும் இடம் நரம்பில் போடும் 4 கிராம். அதை 50 சதவீதமாக அப்படியே போடக்கூடாது, 20 சதவீதமாக்க வேண்டும். 20% என்றால் 100 மி.லி.யில் 20 கிராம். 4 கிராம் இருக்க வேண்டுமானால் மொத்தம் 20 மி.லி. நான்கு ஆம்பூல் சேர்ந்து 8 மி.லி. ஆகிறது, மீதி 12 மி.லி. நார்மல் சலைன். “இருபது சதவீதம்தானே, இருபது மி.லி. சலைன் சேர்த்தேன்” என்று ஒரு பெண் சொல்லியிருக்கிறாள். அப்படிச் சேர்த்தால் 28 மி.லி. வரும், கரைசல் ஏறக்குறைய 14 சதவீதமாக இளைத்துவிடும். முழுவதையும் போட்டால் 4 கிராம்தான் போகும், அதில் ஆபத்தில்லை. ஆனால் 20 மி.லி. போட்டதும் முடிந்தது என்று நிறுத்தினால் மூன்று கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் போயிருக்கும். வலிப்பு மறுபடி வரும், ஏன் என்று யாருக்கும் புரியாது.

விடை அளக்கவே முடியாத அளவுக்குச் சின்னதாக வருகிறது

0.14 மி.லி. என்று வந்தால் கணக்கு தப்பாக இருக்க வேண்டும் என்றில்லை. கையில் எடுத்த வயல் (ரப்பர் மூடி போட்ட மருந்துக் குப்பி) தப்பாக இருக்கலாம். பச்சைக் குழந்தைகள் வார்டில் இது தினசரி விஷயம்.

2.4 கிலோ குழந்தைக்கு அமிகாசின் கிலோவுக்கு 15 மி.கி. என்று ஆர்டர். 36 மி.கி. அமிகாசின் 2 மி.லி. வயலில் 100 மி.கி., 250 மி.கி., 500 மி.கி. என்று மூன்று பலத்தில் வருகிறது. 100 வயலில் இருந்து எடுத்தால் 0.72 மி.லி. 500 வயலில் இருந்து எடுத்தால் 0.144 மி.லி. இரண்டாவதை ஒரு மி.லி. சிரிஞ்சில்கூடத் துல்லியமாக அளப்பது கஷ்டம். முதலில் 100 வயல் ஸ்டாக்கில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அதிலிருந்து 1 மி.லி. எடுத்து 4 மி.லி. சலைனோடு சேர்த்தால் 5 மி.லி.யில் 50 மி.கி., அதாவது 1 மி.லி.க்கு 10 மி.கி. இப்போது 36 மி.கி. என்பது 3.6 மி.லி. தலையில் போடும் கணக்கு, கண்ணுக்குத் தெரியும் கோடு.

நீர்த்துப்போகச் செய்யும்போது ஒரு பழக்கத்தை விட்டுவிடுங்கள். சின்ன சிரிஞ்சில் 0.1 மி.லி. மருந்தை இழுத்து, அதே சிரிஞ்சில் மேலே சலைனை இழுப்பது. ஊசியின் கழுத்தில் கோட்டுக்கு வெளியே ஒரு துளி மருந்து நிற்கிறதே, அதுவும் சேர்ந்து உள்ளே வந்துவிடும். பெரியவர்களுக்கு 5 மி.லி. போடும்போது அந்தத் துளி ஒரு பொருட்டே இல்லை. 0.1 மி.லி.யோடு ஒப்பிட்டால் அது பெரிய பங்கு. சலைனை வேறு சிரிஞ்சில் முதலிலேயே எடுத்து வைத்து, அளந்த மருந்தை அதில் சேருங்கள்.

கலக்கிய மருந்து, சேர்த்த தண்ணீரை விட அதிகமாக இருக்கிறது

பிழை இல்லை, பொடிக்கும் இடம் வேண்டும். ஒரு கிராம் செஃப்ட்ரையாக்சோன் பொடியில் 9.6 மி.லி. தண்ணீர் சேர்த்தால் ஏறக்குறைய 10 மி.லி. கிடைக்கும், ஒரு மி.லி.க்கு 100 மி.கி. முழு வயலையும் ஒருவருக்கே போடும்போது இதைப் பற்றிக் கவலையே வேண்டாம். குழந்தைக்குப் பாதியும் காலும் எடுக்கும்போதுதான் தண்ணீர் அளவோடு சண்டை. அதுவும் தசையில் போடக் கொஞ்சமாகக் கலக்கும்போது வித்தியாசம் அதிகம்: 3.6 மி.லி. சேர்த்தால் 4 மி.லி. வரும். 3.6-தான் மொத்தம் என்று நினைத்துப் பாதியாக 1.8 எடுத்தால், 500-க்குப் பதில் 450 மி.கி.தான் போகிறது. எவ்வளவு சேர்த்தால் எவ்வளவு வரும் என்பது பெட்டிக்குள் இருக்கும் தாளில் இருக்கும். பெட்டியைப் பிரித்ததும் நாம் முதலில் குப்பையில் போடுவது அதைத்தான்.

ஒருவர் அரை மி.லி. என்கிறார், இன்னொருவர் ஐந்து மி.லி. என்கிறார்

சரியாகப் பத்து மடங்கு வித்தியாசம் என்றால், பெரும்பாலும் சதவீதமோ விகிதமோ மில்லிகிராமாக மாறும் இடத்தில்தான் கோளாறு.

சதவீதம் என்பது 100 மி.லி.யில் எத்தனை கிராம். அதைப் பத்தால் பெருக்கினால் ஒரு மி.லி.யில் எத்தனை மி.கி. என்று வந்துவிடும். லிக்னோகெய்ன் 2% என்றால் 20 மி.கி. டெக்ஸ்ட்ரோஸ் 25% என்றால் 250 மி.கி. இந்தப் பத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விகிதம் இன்னும் வம்பு பிடித்தது. அட்ரினலின் 1:1000 என்றால் 1000 மி.லி.யில் ஒரு கிராம், அதாவது ஒரு மி.லி.யில் 1 மி.கி. 1:10,000 என்றால் ஒரு மி.லி.யில் 0.1 மி.கி. பூஜ்யம் அதிகமாக இருப்பது பலம் குறைந்தது என்பதே பதற்றத்தில் தலைகீழாகத் தோன்றும். அமெரிக்காவில் 2016-இல் இத்தகைய ஒற்றை மருந்து லேபிள்களில் இருந்து விகிதத்தை எடுத்துவிட்டு, மி.லி.க்கு எத்தனை மி.கி. என்று மட்டும் எழுதச் சொல்லிவிட்டார்கள். நம் வாயில் இன்னும் “ஒன் இன் தௌசண்ட்” போகவில்லை.

10 கிலோ குழந்தையை வைத்துப் பார்க்கலாம். மருந்து ஒவ்வாமையில் மூச்சு முட்டும்போது தசையில் கிலோவுக்கு 0.01 மி.கி., ஆக 0.1 மி.கி.: நீர்க்காத ஆம்பூலில் இருந்து 0.1 மி.லி., ஒரு மி.லி. சிரிஞ்சில். இதயம் நின்றுவிட்டால் நரம்பில் போடுவதும் அதே 0.1 மி.கி.தான், ஆனால் ஒரு ஆம்பூலை 9 மி.லி. சலைனோடு சேர்த்து, அதிலிருந்து 1 மி.லி. எடுப்பது. மி.கி. மாறவில்லை, மி.லி. மட்டும் பத்து மடங்கு. வார்டில் ஆளுக்கொரு எண்ணைச் சொல்லிக் கத்துவது இதனால்தான்; இரண்டு பேரும் சரியாகவே இருக்கலாம். ஆகவே அவசரத்தில் மி.லி.யில் பேசாதீர்கள். “பாயின்ட் ஒன் எம்.ஜி., ஒன் இன் டென் தௌசண்டில் ஒரு எம்.எல்.” என்று இரண்டையும் சொல்லிக் கொடுங்கள்.

பொட்டாசியம் குளோரைடையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 15% ஆம்பூல், 10 மி.லி. இதில் மி.லி.க்கு 2 மில்லி ஈக்விவலன்ட் (உப்புகளை அளக்கும் அலகு), முழு ஆம்பூலில் 20. ஆர்டரில் “20” என்று மட்டும் இருந்து, அதை மி.லி. என்று எடுத்துக்கொண்டால் 40 போய்விடும். அலகு இல்லாத எண் ஆர்டரே இல்லை. இந்த மருந்தை நீர்க்காமல் நேரடியாக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். எந்தக் கணக்கும் அதற்குப் பிறகு உதவாது.

இன்சுலின் அளவு சரி, சர்க்கரை மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை

நம் ஊரில் இரண்டு விதம் புழக்கத்தில் இருக்கிறது: ஒரு மி.லி.யில் 40 யூனிட், ஒரு மி.லி.யில் 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு. சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. மூடியைக் கழற்றி எறிந்தபிறகு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அப்போது சிரிஞ்சின் உடம்பில் உள்ள எழுத்தைத்தான் படிக்க வேண்டும்.

20 யூனிட் ஆர்டர். 40 வயலில் ஆரஞ்சு சிரிஞ்சை விட்டு 20 கோடு வரை இழுத்தால் வருவது 0.2 மி.லி., அதாவது 8 யூனிட். சர்க்கரை இறங்காது. டாக்டர் டோஸை ஏற்றுவார், நாமும் ஏற்றுவோம், பிறகு ஒரு நாள் வேறொருவர் சரியான சிரிஞ்சில் போடுவார், அன்றைக்கு நோயாளி வியர்த்து விழுவார். தலைகீழாக, 100 இன்சுலினைச் சிவப்பு சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 0.5 மி.லி., 50 யூனிட். இது அன்றைக்கே தெரிந்துவிடும்.

பேனா இன்சுலின் கார்ட்ரிட்ஜ் வழக்கமாக 100. பேனா வேலை செய்யவில்லை என்று அதற்குள் ஊசி விட்டுச் சிவப்பு சிரிஞ்சில் உறிஞ்சும் பழக்கம் வீடுகளில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போது “மூடி என்ன கலரும்மா வீட்ல?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

டிரிப் சீக்கிரம் முடிந்துவிட்டது, அல்லது முடியவே மாட்டேன் என்கிறது

எத்தனை மடங்கு சீக்கிரம் என்று பாருங்கள், அதுவே காரணத்தைச் சொல்லும். மூன்று மடங்கு என்றால் செட் (பாட்டிலில் இருந்து சொட்டு இறங்கும் குழாய்) மாறியிருக்கிறது. சாதாரண செட்டில் பெரும்பாலும் 20 சொட்டு ஒரு மி.லி. (15 சொட்டு செட்டும் வருகிறது, கவரில் போட்டிருக்கும்). மைக்ரோ செட்டில் 60 சொட்டு.

500 மி.லி. நான்கு மணி நேரத்தில் போக வேண்டும். சாதாரண செட்டில் 500 × 20 ÷ 240, நிமிடத்துக்கு 42 சொட்டு. மைக்ரோ செட்டில் மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு: 125. இந்த 125-ஐ மனதில் வைத்துச் சாதாரண செட்டைத் திறந்துவிட்டால் பாட்டில் ஒரு மணி இருபது நிமிடத்தில் காலி. 42-ஐ மைக்ரோ செட்டில் வைத்தால் பன்னிரண்டு மணி நேரம் ஓடும். இரண்டும் இல்லாமல் கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் வேகமாக என்று இருந்தால் கணக்கை விட்டுவிட்டு நோயாளியின் கையைப் பாருங்கள், முழங்கையை மடக்கிப் படுத்திருப்பார்.

பம்ப் ஓடுகிறது, பி.பி. எதிர்பார்த்தபடி இல்லை

பி.பி.யை ஏற்றும் டோபமைன் 200 மி.கி. (5 மி.லி. ஆம்பூல்), 45 மி.லி. சலைனோடு சேர்த்து 50 மி.லி. ஒரு மி.லி.யில் 4 மி.கி., அதாவது 4000 மைக்ரோகிராம். 50 கிலோ நோயாளிக்கு நிமிடத்துக்கு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம்: 5 × 50 × 60 = 15,000; 4000-ஆல் வகுத்தால் மணிக்கு 3.75 மி.லி.

60-ஐ மறந்தால் 0.06 வரும், ஆயிரத்தை மறந்தால் 3750 வரும். இரண்டையும் பார்த்தாலே சிரிப்பு வரும், ஆகவே பயமில்லை. பயப்பட வேண்டியது சிரிஞ்சு மாற்றும் நேரத்தில். முந்தைய ஷிஃப்டில் திரவம் அதிகம் போகக் கூடாது என்று இரண்டு ஆம்பூல் போட்டு ‘டபுள்’ ஆக்கியிருப்பார்கள். அப்போது பம்ப் பாதி வேகத்தில் ஓடும். அடுத்த ஷிஃப்ட் ஒரு ஆம்பூல் போட்டுப் பழைய வேகத்திலேயே விட்டால் பாதி டோஸ், பி.பி. சரியும். மாற்றிச் செய்தால் இரட்டை. சிரிஞ்சின் மேல் மருந்தின் பெயர் மட்டும் ஒட்டினால் போதாது. எத்தனை மி.கி., எத்தனை மி.லி.யில் என்று எழுதுங்கள்.

எந்த அடையாளமும் இல்லை, விடை நேற்றைய விடையேதான்

எனக்கு மிகவும் பயம் இதில்தான். மேலே சொன்ன அமிகாசின் என் கையிலேயே நடந்தது. அந்தக் குழந்தைக்கு மூன்று நாளாக 0.72 மி.லி. போட்டுக்கொண்டிருந்தோம். நான்காம் நாள் 0.72 எடுத்தேன். ஒரு வயல், ஒரு மி.லி. சிரிஞ்சு, எல்லாம் வழக்கம் போல. உடன் இருந்த சிஸ்டரிடம் லேபிளை வாய்விட்டுப் படித்துக் காட்டும்போது நானே “ஐந்நூறு” என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். ஸ்டோரில் 100 தீர்ந்து 500 வந்திருக்கிறது. அதே அளவு வயல். 36-க்குப் பதில் 180 மி.கி. போயிருக்கும். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. கணக்குப் போடவே இல்லை என்பதுதான் பிழை.

ஹெப்பாரினும் இப்படித்தான்: 5 மி.லி. வயலில் 5000 யூனிட்டும் உண்டு, 25,000 யூனிட்டும் உண்டு. 2007-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஹாலிவுட் நடிகர் ஒருவரின் இரட்டைக் குழந்தைகளுக்கு மி.லி.க்கு 10 யூனிட் ஹெப்பாரின் போக வேண்டிய இடத்தில் 10,000 யூனிட் போனது. இரண்டு வயலும் பார்க்க ஒன்று போல இருந்தன. குழந்தைகள் பிழைத்தார்கள்.

வீட்டிலும் இதே கதை, பாராசிட்டமால் பாட்டிலில். 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. என்று வைத்தால், 5 மி.லி.யில் 250 மி.கி. சிரப்பில் 3 மி.லி., 5 மி.லி.யில் 120 மி.கி. சிரப்பில் 6.25 மி.லி., மி.லி.க்கு 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் 1.5 மி.லி. “போன தடவை ஆறு எம்.எல். கொடுத்தோமே சிஸ்டர்” என்று சொட்டு மருந்தில் ஆறு கொடுத்தால் 600 மி.கி. அம்மாக்களிடம் மி.லி. மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, அந்தப் பாட்டிலைக் காட்டிச் சொல்லுங்கள்.

வார்டில் இதற்கு ஒரே மருந்து இரண்டாவது ஆள். ஆனால் “அக்கா, பாயின்ட் செவன் டூ சரிதானே?” என்று கேட்டால் அக்கா “ஆமாம்மா” என்றுதான் சொல்வாள். விடையைச் சொல்லாதீர்கள். கேஸ் ஷீட்டையும் வயலையும் கையில் கொடுத்து அவரைத் தனியாகக் கணக்குப் போடச் சொல்லுங்கள், பிறகு ஒப்பிடுங்கள்.

போட்ட பிறகுதான் தெரிந்தது

ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். ஊசி இருக்கும் நரம்பு வழியைப் பிடுங்காதீர்கள், மாற்று மருந்து அதன் வழியாகத்தான் போக வேண்டும். நாடி, மூச்சு, பி.பி. பார்த்துக்கொண்டே டூட்டி டாக்டருக்குச் சொல்லுங்கள், மூன்று எண்ணோடு: எவ்வளவு போட வேண்டியது, எவ்வளவு போனது, எத்தனை மணிக்கு. இன்சுலின் என்றால் உடனே குளுக்கோமீட்டரும் டெக்ஸ்ட்ரோஸும், மெக்னீசியம் என்றால் 10% கால்சியம் குளுக்கோனேட்டும், ஹெப்பாரின் என்றால் புரோட்டமினும் தேவைப்படலாம். அவர் வந்து சேர்வதற்குள் டிரேயில் எடுத்து வையுங்கள். கேஸ் ஷீட்டில் நடந்தது நடந்தபடி எழுதுங்கள்.

அப்புறம், பதற்றத்தில் உடைத்த ஆம்பூலையும் காலி வயலையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். எத்தனை மடங்கு போயிருக்கிறது என்று டாக்டர் கணக்குப் போட அந்த லேபிள் ஒன்றுதான் இருக்கும்.